பாதி சாப்பிட்ட தட்டு

சாப்பிடுவதற்கு முன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் தட்டைப் படம் பிடிக்கிறார்கள், சரி. பிடித்து முடித்ததும் அதையே எடுத்துச் சாப்பிடுகிறார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை பார்க்க முடிவதில்லை. என் தம்பி மகள் சென்னையில் ஓட்டல்களுக்கும் கம்பெனிகளுக்கும் சாப்பாட்டைப் படம் எடுத்துக் கொடுக்கிறாள். அவளிடம் வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அத்தை, அந்தக் காலத்திலேயே செஞ்சி ஸ்டுடியோல நீங்க இந்த வேலை பார்த்தீங்களாமே, எழுதிக் கொடுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ருசியான கதையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷமே வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அப்போது எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. பொட்டை அழித்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவையைக் கட்டிவிட்டு, "இனி உனக்கு என்னம்மா வேலை, ஒரு மூலையில இரு" என்றார்கள். மூலையில் இருக்கிற ஜாதி நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் பென்சிலால் நன்றாகப் படம் போடுவேன். செஞ்சி கடைத்தெருவில் மாடியில் ஸ்டுடியோ வைத்திருந்த தனகோட்டி முதலாளிக்கு டச்சப் செய்ய ஆள் வேண்டியிருந்தது. போய் நின்றேன். நெகடிவில் இருக்கும் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பையும் பென்சிலால் மூடக் கற்றுக்கொடுத்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. அந்த மாடியில்தான் என் சம்பாத்தியம் எல்லாம்.

தனகோட்டி முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மனுஷனிடம் பேசும்போது அவர் வாயில் நெருப்பு இருக்கும். மாப்பிள்ளை பெண்ணோடு வந்து நின்றால், "நிமுந்து நில்லுய்யா, இன்னா கோழி திருடினவன் மாதிரி நிக்கிற" என்பார். ஆனால் ஒரு கத்திரிக்காயை மேசைமேல் வைத்துவிட்டால் குரலே மாறிவிடும். "கண்ணு, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. ஆங், அவ்ளோதான். அசையாத இரு தாயி" என்று கெஞ்சுவார். முகம் எடுப்பது வயிற்றுக்கு. பழம், காய், பலகாரம், பாத்திரம் இவற்றை எடுப்பதுதான் அவருக்கு உயிர். எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்கள் டின்னில் ஒட்டும் லேபிளுக்கும், மிட்டாய்க் கடைக்காரர்கள் தீபாவளி காலண்டருக்கும் அவரைத் தேடி வருவார்கள். திண்டிவனத்திலிருந்துகூட வருவார்கள்.

சாமான்களை ஜோடிப்பது என் வேலையாக ஆனது. சோறு வெள்ளை, படத்தில் கண்ணைக் கூசும். அதனால் முக்கால் பதம் வெந்ததும் வடித்து, நீர்த்த டீ டிகாக்‌ஷனில் ஒரு முக்கு முக்கி எடுப்பேன். அப்போதுதான் பருக்கை பருக்கையாகத் தெரியும். தயிருக்குப் பதில் மைதாக் கூழ். கத்திரிக்காய் பளபளக்க மல்லாட்டை எண்ணெய்; சென்னையில் வேர்க்கடலை என்பதைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பழத்துக்குமேல் கிளிசரின் தெளித்தால் இப்போதுதான் பறித்த மாதிரி இருக்கும். அப்பளம் சரியாமலிருக்க பின்னால் குண்டூசி. ஆவி பறக்க வேண்டுமென்றால் கிண்ணத்துக்குப் பின்னால் ஊதுபத்தியைக் கொளுத்தி மறைத்து வைப்போம்.

இன்னொரு சாமானும் உண்டு. அது நான். மேலே கண்ணாடிக் கூரை வழியாக ஒரே பக்கம்தான் வெளிச்சம் விழும், மறுபக்கம் இருட்டடிக்கும். "கமலா, இப்டி வந்து நில்லு" என்பார். என் வெள்ளைப் புடவையில் பட்டு வெளிச்சம் திரும்பி இருட்டுப் பக்கத்தில் விழும். லென்ஸ் மூடியைக் கழற்றிய முதல் சில நிமிஷம் முந்தானையை விரித்துப் பிடிக்கச் சொல்வார்; அப்புறம் என்னையும் வெளியே அனுப்பிவிடுவார். எரிச்சலாக வரும். என் தாலி போனது உங்கள் பூசணிக்காய்க்கு வெளிச்சம் காட்டவா என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டே, "புடவை சும்மாதான இருக்குது" என்றார். அந்த ஆளிடம் கோபப்பட்டும் பிரயோஜனம் இல்லை.

இரண்டு விஷயங்களில் மட்டும் அவர் கெடுபிடி. ஒன்று, படம் எடுத்த சாப்பாட்டை யாரும் வாயில் வைக்கக் கூடாது. பின்கட்டில் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும். கிளிசரினும் மருந்தும் பட்டது, வேறு காரணம் எதற்கு என்று நானும் இருந்தேன். ஆனால் எதையும் தெளிக்காத முழுப் பலாப்பழத்தையும் புதைக்கச் சொன்னார்.

இரண்டாவது, கதவு. எங்கள் மாடிக்குப் பலகைத் தளம். ஒருவர் நடந்தாலும் காமிரா ஆடும். சாமான் படத்துக்கு லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி வைப்பார். படம் விழ நேரம் பிடிக்கும். ஆகவே லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிடுவார். படிக்கட்டில் காத்திருப்போம். நேரம் ஆனதும் கதவருகில் போய்த் தொண்டையைக் கனைப்பார். அப்புறம்தான் திறப்பார். "ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்கு மொதலாளி கனைக்கிறீங்க?" என்று கேட்டேன். "இல்லன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஒரு முறை எண்ணெய் லேபிளுக்காக மல்லாட்டைக் குவியலை எடுத்தோம். படத்தைக் கழுவிப் பார்த்தால், கீழே கிடந்த ஒரு கொட்டை இரண்டு இடத்தில் இருந்தது. நடுவில் புகை மாதிரி ஒரு கோடு. "உருண்டிருக்கும். அசைஞ்சா கோடு விழும், அசையாம இருந்தா கூர்மையா விழும்" என்று விளக்கினார். அப்புறம் ஜன்னல் வழியாகத் தெரிந்த ராஜகிரி மலையைப் பார்த்தபடி, "நாம வெளிய போனப்புறம் இதுங்க இன்னா பண்ணுதுன்னு நமக்கு இன்னா தெரியும்" என்றார். உச்சி வெயில் வேளை. நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர் ஏகாம்பரம். அவருடைய ஒரே மகன் முருகேசன் ஒரு நாள் காலையில் அனந்தபுரம் சந்தைக்கு என்று சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. சைக்கிளும் செருப்பும் கோட்டைக்குள் குளத்துப் படிக்கட்டில் கிடந்தன. ஆள் இறங்கித் தேடினார்கள். வலை போட்டார்கள். உடம்பு கிடைக்கவில்லை. குளத்தில் விழுந்திருந்தால் மிதந்திருக்க வேண்டும் என்றார்கள் சிலர். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எவன் ஊரைவிட்டு ஓடுவான் என்றார்கள் மற்றவர்கள். மாதங்கள் போயின.

வீட்டில் முருகேசனின் மனைவி பச்சையம்மா இருந்தாள். வல்லத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். முருகேசனின் தங்கைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: உங்கள் பையன் இருக்கிறானா, இல்லையா? இருக்கிறான் என்றால் கூப்பிடுங்கள். இல்லை என்றால் காரியத்தை முடியுங்கள். பதில் சொல்ல முடியாமல் ஏகாம்பரம் தவித்தார். கருமாதி செய்துவிட்டால் மகளுக்கு வழி பிறக்கும். ஆனால் கருமாதி செய்தால் பச்சையம்மாவின் தாலியை அறுக்க வேண்டும். அவள் முடியாது என்று நின்றாள். "அவரு இருக்காரு மாமா. எனக்குத் தெரியும்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

ஏகாம்பரம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கல்லாவில் உட்கார்ந்து அதட்டுகிற மனுஷர், அன்று துண்டைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"தனகோட்டி, எம் புள்ளைக்கு ஒரு படம்கூட இல்லப்பா. படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு வூட்ல பெரியவங்க கல்யாணத்துலகூட எடுக்க உடல. அவன் சட்டை, சொம்பு, அவன் விரும்பித் தின்னறது இதெல்லாம் வச்சி ஒரு படம் எடுத்துக் குடு. அதையாவது செவுத்துல மாட்டிக்கிறேன்."

"மாலை போடறதுக்கா?" என்றார் முதலாளி.

ஏகாம்பரம் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மருமவளுக்கு அது தெரிய வேணாம். சும்மா ஞாபகத்துக்குன்னு சொல்லிக் கூட்டியாறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். பச்சையம்மாவின் கையில் தூக்குவாளி. வெளியே வெயில் கொளுத்தியது. மாடியில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே அனலாக இருந்தது. நான் மேசையைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என்னை என்றால் என்னை இல்லை, என் புடவையை. பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சுரீரென்றது.

ஏகாம்பரம் துண்டுக்குள்ளிருந்து சுருட்டிய வாழையிலையை எடுத்தார்.

"எலை வேணாம் மாமா" என்றாள் அவள். "அவரு தட்டு கொண்டாந்துருக்கேன்." ஓரம் பெயர்ந்த பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எலைல வச்சாதாம்மா லட்சணமா இருக்கும்."

"வூட்ல தெனம் எலைலயா தின்னாரு? தட்டுலதான தின்னாரு."

முதலாளிக்கு இலைதான் இஷ்டம். இலைப் பச்சை படத்தில் கறுப்பாக விழும், சோறு பளிச்சென்று எடுக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "இந்த வெயில்ல இலை சுருண்டுடும் மொதலாளி. தட்டே இருக்கட்டும்." என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு தட்டைப் பார்த்து, "வாடா ராஜா, நீயே வா" என்று நடுவில் நகர்த்தி வைத்தார்.

சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மல்லாட்டைத் துவையல், அப்பளம். அவள் வாளியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க நான் வைத்தேன். டிகாக்‌ஷனில் சோற்றை முக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்டியே இருக்கட்டும்க்கா" என்றாள். முக்கவில்லை. பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர். முக்காலியில் மடித்த சட்டை. சாப்பிட உட்காருகிறவன் இடத்திலிருந்து தட்டைப் பார்க்கிற மாதிரி காமிராவை நிறுத்தியிருந்தார் முதலாளி. சாமான் படமென்றால் அவர் வழக்கம் அதுதான். படத்தைப் பார்க்கிறவனுக்குத் தன் முன்னால் சாப்பாடு இருக்கிற மாதிரி தோன்ற வேண்டும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "ஆவி பத்தல" என்றார். நான் பழக்கத்தில் ஊதுபத்தியைக் கொளுத்தித் தட்டுக்குப் பின்னால் செருகினேன். "கமலா, இப்டி வா." முந்தானையை விரித்துக்கொண்டு போய் நின்றேன். "சரி. எல்லாரும் வெளிய போங்க. கதவச் சாத்தணும்."

பச்சையம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று.

இதைச் சென்னைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டும். எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் படைப்பது இப்படித்தான். அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போட்டு வைப்போம். ஊதுபத்தி ஏற்றுவோம். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்போம், அவர்கள் வந்து சாப்பிட்டுப் போவதற்கு. நேரம் கழித்துக் கனைத்துவிட்டோ கையைத் தட்டிவிட்டோ கதவைத் திறப்போம். சோறு கலைந்திருக்கிறதா, தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்போம். அந்த ஸ்டுடியோவில் நாங்கள் வருஷக் கணக்காகப் படம் எடுத்த முறை ஒன்றுவிடாமல் அப்படியே இருந்திருக்கிறது! வெள்ளைப் புடவையில் ஒருத்தி பக்கத்தில் நிற்பதுவரை. தினமும் செய்த எனக்கு உறைக்கவில்லை. அவளுக்கு ஒரு நிமிஷத்தில் உறைத்துவிட்டது.

"கதவ இன்னாத்துக்குச் சாத்தறீங்க?"

"பலகை ஆடும்மா. படம் கெட்டுடும்" என்றார் முதலாளி.

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதும் அவளுக்கு. விறுவிறுவென்று மேசையருகே போனாள். காமிராவுக்கு முன்னால் குனிந்து, சோற்றின் வலது பக்கத்தில் விரல்களால் ஒரு பள்ளம் செய்து, குழம்பை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! இன்னா காரியம் பண்ண!" என்று கத்தினார் ஏகாம்பரம்.

படையலில் இருப்பதை யாரும் தொடக் கூடாது. சமைக்கிறவள்கூட உப்புப் பார்க்க மாட்டாள். வாய் பட்டால் எச்சில். செத்தவர்கள் கிட்டவே வர மாட்டார்கள். அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு மாமனாரைப் பார்த்தபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்புறம் விழுங்கினாள்.

"அவரு தட்டுல நான் தெனம் தின்னறதுதான் மாமா."

அட, என் கண்ணே! எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. என் தாலியை எடுத்தபோது எனக்கு இந்தப் புத்தி இருந்ததா? அழுதுகொண்டு தலையைக் குனிந்தேன், அவ்வளவுதான்.

முதலாளி மறுபடி துணிக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது, "இப்பதான் படத்துக்கு உசுரு வந்துருக்குது. யாரும் தொடாதீங்க" என்றார். லென்ஸ் மூடியைக் கழற்றி, என் வெளிச்சம் விழுந்ததும் என்னையும் அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தினார்.

படிக்கட்டில் நாலு பேரும் நின்றோம். ஏகாம்பரம் மேல்படியில், சுவரில் சாய்ந்தபடி. நான் பச்சையம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். குழம்பு ஒட்டிய கை, காயாமல் பிசுபிசுத்தது. கீழே கடைத்தெருவில் வண்டி மாடுகளின் சத்தம். 

அப்போது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. சொம்பைத் தூக்கி மறுபடி மேசைமேல் வைக்கிற சத்தம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மட்டும் கேட்ட சத்தம் இல்லை அது. ஏகாம்பரம் கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். பச்சையம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. முதலாளி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரமாகியும் கதவருகே போகவில்லை. கடைசியில் போய், கனைத்தார்.  இன்னொரு முறை கனைத்துவிட்டுத் திறந்தார்.

உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டில் அவள் செய்த ஒரே பள்ளம். சொம்பு இருந்த இடத்தில். ஊதுபத்திச் சாம்பல்கூட உதிரவில்லை. எனக்கு மூச்சு வந்தது. வழக்கமாகக் காமிராவில் இன்னொரு கண்ணாடித் தகடு போட்டு இரண்டாவது படம் எடுக்கிற முதலாளி, அன்று "போதும்" என்றார். நான் தட்டில் இருந்ததைக் குழியில் புதைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் இருட்டறையிலிருந்து அவர் கூப்பிட்டார். சிவப்பு விளக்குக்கு எதிரே நெகடிவைப் பிடித்திருந்தார். நெகடிவில் சோறு கறுப்பாக இருக்கும், பள்ளம் வெளுப்பாகத் தெரியும். வலது பக்கம் ஒரு வெளுப்பு. இடது பக்கம் இன்னொரு வெளுப்பு.

"ரெண்டு இருக்குது" என்றேன். 

"நீ ஏதாச்சும் பண்ணியா?"

"ஈரம்கூடக் காயல. உங்க கைய விட்டு இப்பதான் வருது. நான் இன்னா பண்றது?"

"அசைஞ்சது இல்ல பாரு" என்றார். "கோடு இல்ல, புகை இல்ல. மொதல்லருந்தே இருந்த மாதிரி கூர்மையா விழுந்துருக்குது." ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். அவர் இருட்டறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "தின்னறவன் காமிராவுக்கு முன்னாலதான கமலா உக்காந்துருக்கணும்? அப்ப அவன் முதுவுதான விழுந்துருக்கணும்? ஏன் விழல?"

எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. நெகடிவில் சொம்பைக் காட்டினார். தண்ணீர் விளிம்பிலிருந்து இறங்கியிருந்தது.

"இத மூடிடு" என்றார் திடீரென்று. "மண்டிக்காரு பாத்தா, புள்ள வந்து தின்னுட்டான், செத்தவந்தான்னு சொல்லி நாளைக்கே அந்தப் பொண்ணு கழுத்துல கைய வெப்பாரு. மூடிடு."

இந்த ஒரு உத்தரவுக்காக அந்த ஆளை நான் எல்லாவற்றுக்கும் மன்னித்தேன். காலையில் நெகடிவ் காய்ந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மருந்தைத் தடவி, பென்சிலைக் கூராக்கி, இடது பள்ளத்தை நிரப்பத் தொடங்கினேன். பென்சில் ஏறவில்லை. வழுக்கிக்கொண்டே போயிற்று. மறுபடி மருந்து, மறுபடி பென்சில். பக்கத்தில் எந்த இடத்தில் வைத்தாலும் பிடித்தது. அந்தப் பள்ளத்தில் மட்டும் ஒரு கோடு நிற்கவில்லை. எத்தனை முகத்துத் தழும்பை மூடியவள் நான்! பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். இருவரும் வந்துவிட்டார்கள். படம் தந்தே ஆக வேண்டும் என்று நின்றார் ஏகாம்பரம். முதலாளி பிரிண்டு போட்டு, ஈரத்தோடு மேசைமேல் வைத்தார்.

பச்சையம்மாதான் முதலில் பார்த்தாள். விரலை அந்த இடது பள்ளத்தின் மேல் வைத்தாள்.

"இது அவரு கை" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?"

"யாரும் இல்லாதப்ப அவரு பீச்சாங் கையாலதான் மாமா தின்னுவாரு. உங்க எதிர்ல சோத்துக் கையால தின்னுவாரு. நான் மட்டும் இருந்தா இந்தப் பக்கந்தான் கொழம்பு ஊத்தச் சொல்லுவாரு."

ஏகாம்பரம் தடாலென்று முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுல அந்தக் கைய முதுவுக்குப் பின்னால கட்டிப் போட்டுச் சோறு போட்டேன். மாறிட்டான்னு நெனச்சனே. நைனா, கை வலிக்குதுன்னு அழுவான்." மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் மாறிவிட்டது.

"வந்துட்டான். வந்து தின்னுட்டான். இதுக்கு மேல இன்னா வேணும்? எம் புள்ள போய்ட்டாம்மா. வர்ற அமாவாசைக்குள்ள காரியத்த முடிச்சிடலாம்."

நான் பயந்தது நடந்துவிட்டது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பச்சையம்மா மட்டும் அசையவில்லை. ஈரப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மாமா, எச்சில்ல படையல் உண்டா?"

ஏகாம்பரம் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா. நான் தின்னு எச்சில் பண்ண தட்டு. நீங்களே பாத்தீங்க, பாவின்னு திட்டினீங்க. செத்தவங்க எச்சில் தொடுவாங்களா? பொஞ்சாதி தின்ன தட்டுல கைய வெக்கிறவன் உசுரோட இருக்கற புருசன்தான். அவரு எங்கியோ இருக்காரு. எங்கியோ உக்காந்து தின்னாரு, இங்க வந்து விழுந்துருக்குது. என் கழுத்துல யாரும் கை வெக்கக் கூடாது."

 சாங்கியத்தைச் சொல்லி வந்தவரை அந்தச் சாங்கியத்தாலேயே கட்டிவிட்டாள். ஏகாம்பரம் அவள் கையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். "நீ சொல்றதும் சரிதாம்மா" என்று கடைசியில் முனகினார். பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று நம்புவதில் அவருக்கும்தானே ஆசை இருந்திருக்கும். படத்தை வாங்கித் துண்டால் மூடி எடுத்துக்கொண்டு, மருமகளை முன்னால் விட்டுப் படியிறங்கினார்.

சம்பந்தக்காரர்களிடம், மகன் உயிரோடு வெளியூரில் இருக்கிறான் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்ன திடத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கல்யாணத்தில் ஆரத்தித் தட்டைத் தூக்கி வந்தவள் பச்சையம்மாதான். வீட்டுக் கூடத்தில் அந்தப் படம் மாலையில்லாமல் தொங்கியது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் அதைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்கள். என்னால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நான் நீலப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஊர் கொஞ்ச நாள் வாயாடியது. ஆடட்டும். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளைப் போர்வையைச் சட்டத்தில் அடித்து எனக்குப் பதிலாக நிறுத்திக்கொண்டார். சாமான் படத்துக்குக் கதவைச் சாத்துவதையும் விட்டுவிட்டார். ஆடினால் ஆடட்டும் என்று உள்ளேயே நின்று, கண் கொட்டாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் அந்த ஸ்டுடியோவில் எடுத்த எந்தச் சாப்பாட்டுப் படமும் முன்னைப் போல் கூர்மையாக விழவில்லை.

முருகேசன் வரவேயில்லை.

பல வருஷம் கழித்து, ஏகாம்பரமும் தனகோட்டி முதலாளியும் காலமான பிறகு, செஞ்சி பஸ் நிறுத்தத்தில் பச்சையம்மாவைப் பார்த்தேன். வல்லத்துக்குப் போகக் காத்திருந்தாள். தலை நரைத்திருந்தது. நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மண்டியை அவளே நடத்தினாள்; ஊரில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையெதையோ பேசினோம். எனக்கு வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன்.

"பச்சையம்மா, அவரு இன்னும் எங்கயோ இருக்காருன்னு நம்பறியா?"

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்தாள்.

"படத்தப் பாத்த அன்னிக்கே தெரியும்க்கா, போய்ட்டாருன்னு. உசுரோட இருந்தா வாசல் வழியா வந்துருக்க மாட்டாரா? அங்க வந்தது செத்தவருதான்."

"பின்ன ஏன்டி அப்படிச் சொன்ன? செத்தவங்க எச்சில் தொட மாட்டாங்கன்னு?"

"தொடக் கூடாதுதான்" என்றாள். "தெரிஞ்சேதான் தொட்டாரு. அது எச்சில்னு அவருக்குத் தெரியாதா? தொடாம போயிருந்தா, நம்ம புள்ள கோவிச்சிக்கினு போய்ட்டான்னு சொல்லி மாமா மறுபடி எலை போட்டுருப்பாரு. என்னால எத்தினி தடவதான் எச்சில் பண்ண முடியும்? அந்த உலகத்துல இதுக்கு அவருக்கு இன்னா தண்டனையோ. எனுக்காகத் தின்னுட்டுப் போனாருக்கா."

வல்லம் பஸ் வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, அவள் ஏறிப் போனாள்.